தகரப் பெட்டியில் தூங்கும் கையெழுத்துகள்

நாலு டாலர் ஒரு சென்டுக்கு எழுதிய காசோலை ஒன்று 46,063 டாலருக்கு ஏலம் போனது என்றால் நம்ப முடிகிறதா? 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் நடந்தது இது. 1976 ஜூலை 23-ஆம் தேதியிட்ட அந்தக் காசோலை, ரேடியோ ஷாக் என்ற மின்னணுச் சாமான் கடைக்கு எழுதப்பட்டது. ஏதோ சில்லறைச் சாமான் வாங்கிய கணக்கு. எழுதியது, பிறந்து நாலு மாதமே ஆகியிருந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனி. கீழே கையெழுத்துப் போட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ் என்னும் 21 வயது இளைஞர்.

இதைப் படித்த அன்று என் மனம் கலிபோர்னியாவுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு மச்சில் கிடக்கும் தகரப் பெட்டிக்குத்தான் போயிற்று. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் கம்பெனிகளின் தொடக்க காலப் பத்திரங்களைச் சேகரிப்பது இன்று மேலை நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே தொழில். பழைய பங்குப் பத்திரங்கள், கூட்டு ஒப்பந்தங்கள், காசோலைகள், வேலை நியமனக் கடிதங்கள் என்று கையெழுத்து இருக்கும் காகிதம் எதுவானாலும் விலை உண்டு. எடிசன் ஒப்பமிட்ட பங்குப் பத்திரத்தையும் ராக்பெல்லர் ஒப்பமிட்ட ஸ்டாண்டர்டு ஆயில் பத்திரத்தையும் தேடி அலைந்தவர்களின் வாரிசுகள் இன்று ஆப்பிளையும் மைக்ரோசாப்ட்டையும் தேடுகிறார்கள்.

இந்தக் காகிதங்களில் புகழ் பெற்றது ஆப்பிளின் முதல் கூட்டு ஒப்பந்தம். 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜாப்ஸ், வாஸ்னியாக், ரொனால்டு வேய்ன் என்ற மூவர் கையெழுத்திட்டார்கள். முதல் இருவருக்கும் நூற்றுக்கு 45 வீதம், வேய்னுக்கு 10. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவரும் வேய்ன்தான். பன்னிரண்டே நாளில் அவர் விலகினார். கம்பெனி கடன்பட்டால் கடன்காரன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பானே என்ற பயம் அவருக்கு. மற்ற இருவரிடமும் சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. பங்கை விட்டுக்கொடுத்ததற்கு 800 டாலர் பெற்றார். பின்னர் 1990-களின் தொடக்கத்தில், கையிலிருந்த ஒப்பந்தக் காகிதத்தையும் 500 டாலருக்கு விற்றுவிட்டார். அதே காகிதம் 2011 டிசம்பரில் நியூயார்க் சோத்பி ஏலத்தில் 15 லட்சத்து 94 ஆயிரத்து 500 டாலருக்குப் போயிற்று. பங்கை இழந்தது ஒரு முறை, பங்கின் காகிதத்தை இழந்தது மறுமுறை!

கேட்டவுடன் 'அடடா, போச்சே' என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறோம். ஆனால் நான் சொல்ல வந்தது ஏலத் தொகையைப் பற்றியல்ல. ஏலத் தொகை நம்மை ஏமாற்றிவிடும். காகிதத்தின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதிலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரத் தமிழர்களான நமக்கு அந்த மதிப்பு இரட்டிப்பு.

உள்ளூர்க் கதைக்கு முன் நம்மவர் கதை ஒன்று. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். நீராவிக் கப்பல் அந்தக் காலத்துப் புதுத் தொழில்நுட்பம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தப் பங்குகளை வாங்கியவர்களில் வியாபாரிகளும் வக்கீல்களும் மட்டுமல்ல, சாதாரண மனிதர்களும் இருந்தார்கள். கம்பெனி முழுகியதும் 'இனி இது எதற்கு' என்று அந்தக் காகிதங்களை எத்தனை வீடுகளில் அடுப்பில் போட்டிருப்பார்கள்! கம்பெனி செத்தபோது செல்லாக் காசாகிப்போன காகிதம், நூறாண்டு கழித்து நாட்டின் சரித்திரமாகிவிட்டது.

நம்மிடம் வியாபாரம் செய்ய வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற அதே கம்பெனிதான். 1606 செப்டம்பர் 9-ஆம் தேதியிட்ட அதன் பங்குப் பத்திரம் ஒன்று 2010-இல் கிடைத்தது. உலகில் இன்று இருக்கும் பங்குப் பத்திரங்களில் மிகப் பழையது அதுவே என்கிறார்கள். எங்கே கிடைத்தது? கோடீசுவரர் வீட்டு இரும்புப் பெட்டியில் அல்ல. ஒரு சிற்றூர் ஆவணக் காப்பகத்தில், ஆராய்ச்சிக்குப் போன மாணவர் ஒருவர் கண்ணில் பட்டது. 400 ஆண்டுகளாக யாரோ அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த சாதனை. ஆனால் சாமானியமான சாதனையா அது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாறசாலையில் என்ன தொழில்நுட்பக் கம்பெனி இருந்தது என்று கேட்பீர்கள். இருந்தது ஐயா! பெயர்ப்பலகையைப் பார்த்து நாம்தான் அதைக் கம்பெனி என்று எண்ணவில்லை.

1973-இல் திருவனந்தபுரத்தில் கெல்ட்ரான் தொடங்கியது. மாநில அரசு ஒன்று மின்னணுத் தொழிலுக்கென்று நிறுவிய முதல் கழகம் அது. கே.பி.பி. நம்பியார் அதன் தலைமையில் இருந்தார். 1990-இல் டெக்னோபார்க் உருவாயிற்று. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. எல்லையோரத்துப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலையும் பஸ்ஸையும் பிடித்துத் தலைநகருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. அவர்கள் பெற்ற முதல் நியமன உத்தரவு, முதல் சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் இன்று எங்கே?

அதைவிடச் சின்னக் கம்பெனிகளும் உண்டு. களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்துகளை நினைவிருக்கிறதா? இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் வளைகுடாவிலும் பம்பாயிலும் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள் தூக்கக் கண்ணோடு வரிசையில் நிற்பார்கள். கேபிள் டி.வி. வந்தது. டி.டி.பி. சென்டர் வந்தது. ஓலைக் கொட்டகையில் இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டு, செருப்பை வெளியே கழற்றச் சொல்லிப் பயிற்சி நடத்தினார்கள். இவைதான் நம் ஊர் ஆப்பிள்கள். இவற்றுக்கும் ஒப்பந்தம் உண்டு, வைப்புத்தொகை ரசீது உண்டு, வங்கிக் கடன் பத்திரம் உண்டு. எங்கள் பக்கத்தில் கையெழுத்தை 'ஒப்பு' என்போம். ஒவ்வொன்றிலும் நம்மவர் ஒப்பு உண்டு.

இனி தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

என் தம்பி 1991-இல் ஒரு மலையாள நண்பருடன் கூட்டுச் சேர்ந்து எஸ்.டி.டி. பூத் தொடங்கினான். மறு ஆண்டு பக்கத்து அறையில் டி.டி.பி. வேலையும் ஆரம்பித்தார்கள். கல்யாண அழைப்பிதழை மலையாளத்திலும் தமிழிலும் அடித்துக் கொடுக்கும் கடை வேறெங்கும் அருகில் இல்லாததால் நல்ல வியாபாரம். 1994-இல் கூட்டு முறிந்தது. தம்பி ஊரைவிட்டு நாகர்கோவில் பக்கம் போய்விட்டான். நண்பர் கடையைத் தொடர்ந்து நடத்தி, பெரிதாக்கி, சொந்தக் கட்டடமும் கட்டினார். எங்கள் வீட்டில் அன்று முதல் ஒரே பேச்சு: 'கூட்டாளி ஏமாற்றிவிட்டான். உழைத்தவன் ஒருவன், தின்றவன் ஒருவன்.' அம்மா சாகும்வரை அந்த மனிதரின் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. கல்யாணம், கருமாதி எதற்கும் அவரை நாங்கள் அழைக்கவில்லை. மலையாளத்தானோடு கூட்டுச் சேர்ந்தால் இப்படித்தான் என்று ஒரு வார்த்தையையும் நாங்களே சேர்த்துக்கொண்டோம். தம்பி மறுத்துப் பேசவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தம்பி காலமானான். ஈமக் காரியங்கள் முடிந்து அவன் பெட்டியைத் திறந்தோம். பழைய காகிதங்களை ஆக்கர் கடைக்குப் போடலாம் என்று கட்டி வைத்தார்கள். எதற்கும் பார்ப்போமே என்று நான் பிரித்தேன். முத்திரைத்தாளில் எழுதிய கூட்டு ஒப்பந்தம் இருந்தது. கீழே தம்பியின் ஒப்பு தமிழில், நண்பரின் ஒப்பு மலையாளத்தில். அதன் பின்னால் குத்தியிருந்தது விலகல் பத்திரம். தம்பியே தன் கைப்பட எழுதியிருந்தான். தன் விருப்பப்படி விலகுவதாகவும், தன் பங்கு 18,000 ரூபாயையும் மூன்று தவணையில் முழுவதும் பெற்றுக்கொண்டதாகவும், இனித் தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்றும். மூன்று ரசீதுகளும் கூடவே. மூன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவன் ஒப்பு.

முப்பது ஆண்டுகளாக ஒரு நல்ல மனிதரை நாங்கள் திருடனாக்கி வைத்திருந்தோம்.

நகல் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அண்ணா, என்னிடம் இருந்த காகிதம் ஒரு மழையில் நனைந்து போய்விட்டது. அது மட்டும் இருந்திருந்தால் அம்மா இருக்கும்போதே உங்கள் படியேறிக் காட்டியிருப்பேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த நகலை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ரொனால்டு வேய்னும் என் தம்பியும் செய்தது ஒன்றே. பயந்தோ அலுத்தோ விலகினார்கள், பணத்தைப் பெற்றார்கள், ஒப்பிட்டார்கள். வேய்னின் காகிதத்துக்கு 15 லட்சம் டாலர். தம்பியின் காகிதத்தை ஆக்கர் கடையில் போட்டால் ஐம்பது பைசா கிடைக்காது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு எது விலை உயர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதனின் நினைவு தனக்குச் சாதகமாகவே கதை சொல்லும். ஒப்பிட்ட காகிதம் யார் பக்கமும் சாயாது. அதனால்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு குடும்பத்துக்குப் பொருந்துவது ஒரு சமூகத்துக்கும் பொருந்தும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே தெருவில் பேசிப் பழகியவர்கள் இரண்டு மாநிலத்தவரானார்கள். இந்தத் தாலுகாவில் தமிழர் என்ன தொழில் செய்தார்கள், யாரோடு கூட்டு வைத்தார்கள், எந்த மொழியில் கணக்கெழுதினார்கள் என்று நாளை யாராவது கேட்டால் எதைக் காட்டுவோம்? பாலராமபுரத்துச் சாலியர் தெரு, பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழகப் பக்கமிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய நூல் கணக்கையும் கடன் சீட்டையும் பார்த்தவர் எத்தனை பேர்? மேடையில் நின்று 'நாங்கள் இங்கே இருந்தோம்' என்று முழங்குவதைவிட, தமிழில் ஒப்பிட்ட ஒரு வியாபார ரசீது உரத்துப் பேசும். அந்த ரசீதில் பக்கத்திலேயே மலையாள ஒப்பும் இருக்கிறதே, அது இன்னும் உரத்துப் பேசும். சண்டைக்காரர்கள் இரு தரப்பிலும் மறக்க விரும்பும் சேதி அது.

இதற்கு ஆட்சேபம் உண்டு. நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டுக் கடனையும் வியாபார நஷ்டத்தையும் ஊருக்குக் காட்டுவதா?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். காத்து வைத்தால் போதும். காட்டுவதா என்பதைப் பேரப்பிள்ளைகள் முடிவு செய்யட்டும். மூட்டை கட்டி விற்றுவிட்டால் அந்த முடிவை எடுக்கும் உரிமையையே அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். இன்னொருவர், "இதெல்லாம் விலை போகுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் போகாது. விலைக்காகச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். பிரபலங்களின் கையெழுத்து என்று விற்கப்படுவதில் போலி ஏராளம். செயலாளர் போட்டதும் உண்டு, இயந்திரம் போட்டதும் உண்டு. வழிவழியாக யார் கையில் இருந்தது என்ற வரலாறு இல்லாத காகிதத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆனால் உண்மையிலேயே பணமாகக்கூடிய காகிதமும் பெட்டிக்குள் இருக்கலாம். 1993-இல் இன்போசிஸ் கம்பெனி பங்கு ஒன்றை 95 ரூபாய்க்கு வெளியிட்டது. அதைத் தொடங்கிய ஏழு பேரில் கோபாலகிருஷ்ணன், ஷிபுலால் இருவரும் கேரளத்தவர்கள். அப்படிப்பட்ட பங்குகளை வாங்கிப் பெட்டியில் போட்டு மறந்தவர்கள் நாடெங்கும் உண்டு. 1996-இல் பங்குகளை மின்னணு முறையில் வைத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் முதல், வாரிசுரிமை போன்ற சில இனங்கள் தவிர, காகிதப் பங்குகளை அப்படியே கைமாற்ற முடியாது. தொடர்ந்து ஏழு ஆண்டு ஈவுத்தொகை வாங்காமல் விட்டால், அந்தத் தொகையும் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் பயமில்லை. உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அதற்கும் அந்தப் பழைய பத்திரமே துணை. ஆகவே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுமுன் அது உயிருள்ள பங்கா என்று விசாரியுங்கள்.

சட்டம் ஒன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுக்கு மேற்பட்டதாயின் அது தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சுதேசிக் கம்பெனிப் பங்குப் பத்திரம் யார் வீட்டிலாவது இருந்தால், லண்டன் ஏலக் கனவு காண வேண்டாம்!

காப்பது எப்படி? பெரிய வித்தை ஒன்றுமில்லை. நம் ஊரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் காகிதத்தின் முதல் எதிரிகள். கரையானும் இராமபாணப் பூச்சியும் அடுத்தவை. பெட்டியைத் தரையிலும் ஓட்டுக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் மெல்லக் கழற்றிவிடுங்கள், துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பின்னர் பிரிக்கவும் முடியாது, தாளும் உள்ளேயே கெடும். மடிப்பை நீக்கி, நல்ல தாள் உறையில் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை வெயில் நேரடியாகப் படாத நிழலில் காற்றாட வையுங்கள். செல்போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். உறையின் மேல், இன்னார் வீட்டுக் காகிதம், ஒப்பிட்டவர் இன்னார், நமக்கு என்ன உறவு என்று பென்சிலால் எழுதுங்கள். கொல்லம் ஆண்டில் தேதி இருந்தால், சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அதையும் குறித்து வையுங்கள்.

இது அவசரம் என்பதற்கும் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டது. இன்று கம்பெனி தொடங்குபவன் பொத்தானை அழுத்துகிறான். இனி வரும் தலைமுறைக்குப் பேனா அழுந்திய காகிதம் கிடைக்கப் போவதில்லை. நம் தலைமுறைதான் கடைசி.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர், புத்தகங்களோடு நோட்டீசும் அழைப்பிதழும்கூட விடாமல் சேர்த்தார். அவர் காலமானபின், 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. உலக ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காட்சிக்கு இருப்பவற்றில் பெரும்பகுதி காவியமல்ல, நிலக் கணக்கும் நிர்வாகக் கணக்கும்தான். கணக்குத்தான் பின்னாளில் சரித்திரமாகிறது.

நம்மால் நூலகம் கட்ட முடியாமல் போகலாம். ஆண்டு விழாவில் ஒரு மேசை போட முடியாதா? உறுப்பினர்கள் பழைய வியாபாரக் காகிதங்களைக் கொண்டு வரட்டும். அங்கேயே படமெடுத்து, விவரம் எழுதி, அசலை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுப்போம். வெளியிட வேண்டாம் என்று சொல்வதை வெளியிட வேண்டாம். பாட்டுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் இடையே அரை நாள் போதும்.

அதுவரை வாசக அன்பர்கள் ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சில் ஏறிப் பெட்டியை இறக்குங்கள். ஆக்கர் கடைக்காரர் குரல் கேட்குமுன் ஒவ்வொரு தாளின் அடியையும் பாருங்கள், அங்கே யார் ஒப்பு இருக்கிறதென்று. என்னைப் போல முப்பது ஆண்டு தாமதமாகப் பார்க்காதீர்கள்.